கலை பறந்த புல்திடல்

பாலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. கோயில் மண்டபத்தில் காலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட எழுத்து இது. மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் வலிக்கிறது. எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். வலித்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பஸ்ஸில் தஞ்சோங் காராங் போகும்போது கடைப் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். உன் அம்மா முழங்கையால் இடிக்கிறாள். "மெதுவா படிங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." பார்க்கட்டும். இத்தனை வருஷம் நான் அவர்கள் படிப்பதைப் பார்த்தேன், இப்போது அவர்கள் நான் படிப்பதைப் பார்க்கட்டும். யார் துணையும் இல்லாமல் நான் எழுதிய முதல் பெயர் உன் தம்பி கலையின் பெயர். எழுதி முடித்ததும் வாத்தியாரம்மாவிடம் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டுதான் காட்டினேன். காட்டிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், அவன் இருந்தபோது ஒரு தடவையாவது இதை எழுதி அவனிடம் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு இது பதில். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, அடுத்த மாசம் கோல சிலாங்கூர் மண்டபத்துல கூட்டம். அதிகாரிங்க வராங்க. அந்தத் திடலுக்கு இனிமே என்ன சட்டம் வைக்கலாம்னு கேக்கப் போறாங்க. நான் எழுந்து பேசப் போறேன், இறந்தவனோட அண்ணன்னு. நீங்க ஒண்ணும் பேச வேணாம். கலை படத்தை மடியில வச்சிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்தா போதும்." நான் "பாக்கலாம்பா" என்றேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். நான் பாக்கலாம் என்று சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். போனை வைத்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

உனக்குத் தெரிந்த கதையையே திருப்பி எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ ஊரார் முன்னால் பேசப் போகிறாய். அதனால் நானும் ஊரார் படிக்கும்படி எழுதுகிறேன். வகுப்பில் இதை நானே வாசிப்பேன். திடல் கொட்டகையிலும் ஒன்றை ஒட்டச் சொல்வேன். அவர்களில் பாதிப் பேருக்குக் கலையைத் தெரியாது, உன்னையும் தெரியாது.

பழைய தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு நடுவே நீளமாக ஒரு புல்தரை இருக்கிறது. கம்பெனி விமானம் உரம் தூவுவதற்கு வந்து இறங்கிய இடம் அது. நான் இளவட்டமாக இருந்தபோது அங்கே புல் வெட்டியிருக்கிறேன். விமானம் வரும் நாளில் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து எங்களை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விரட்டுவார். "தள்ளி நில்லுங்கடா, துரை இறங்கப் போறாரு." நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். இறங்கியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். நாங்கள் மறுபடி புல் வெட்டுவோம். பிறகு கம்பெனி அந்த வேலையை நிறுத்திவிட்டது. மாடு மேய்ந்தது. நாங்களும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம்.

அந்த இடத்தில்தான் உன் தம்பி பறந்தான். ஏர்கோன் பழுதுபார்க்கிற பையன். அவனும், லோரி ஓட்டுகிற தவாவும், சுங்கை புரோங்கில் நெல் போடுகிற ரொஸ்லானும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய குட்டி விமானத்தை வாங்கினார்கள். மைக்ரோலைட் என்பார்கள். அலுமினியக் குழாய், துணி இறக்கை, முதுகுப்பக்கம் சின்னதாக ஓர் என்ஜின், இரண்டு பேர் உட்கார இடம். ஒரு பழைய லோரி விலைகூட இல்லை. வாங்கி வந்த அன்று தவா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது விமானமா, துணி காயப்போடற கொடியாடா?" என்றான். கலை கோபித்துக்கொள்ளவில்லை. "கொடிதான் அண்ணே. நாளைக்கு உங்களையும் இதுலதான் காயப்போடப் போறேன்" என்றான். வயதான ஒருவர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சும்மா ஏறி உட்கார்ந்து பறந்துவிடவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்க் கற்று, தேர்வு எழுதி, அதற்குப் பிறகுதான் தனியாகப் பறக்க விட்டார்கள். தேர்வு தேறாமல் தனியாக ஏறக்கூடாது, வீடுகளுக்கு மேலே போகக்கூடாது, காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக்கூடாது, மழை மேகம் கண்டால் இறங்கிவிட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் அப்போதே இருந்தது. நாலு சட்டம், நாலும் அவர்களுக்கு மனப்பாடம்.

என்னை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனான். உன்னிடம் இதைச் சொன்னதில்லை, நீ திட்டுவாய் என்று. வாழ்நாள் முழுக்க நான் பழம் வெட்டினேன். நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு செம்பனையை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே என் கழுத்து வளைந்து போனது உனக்குத் தெரியும். அன்றைக்கு அதே மரங்களை நான் குனிந்து பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு செம்பனையும் ஒரு பச்சை நட்சத்திரம் போல இருக்கிறது பாலா. இத்தனை அழகை அடியில் நின்றவனுக்கு யாருமே சொல்லவில்லை. நான் கத்திவிட்டேன். "அப்பா, கத்தாதீங்க, மைக் இருக்கு, காது போவுது!" என்று அவன் சிரித்தான். "டேய், என்னை வேலை வாங்கின மண்டோர் கீழ இருக்கானா பாரு, நான் மேல இருக்கேன்னு சொல்லு" என்றேன். "மண்டோர் செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சுப்பா." "அப்போ அவனுக்கும் மேல போ." அப்படிச் சொன்னேன். அன்றைக்கு அது வெறும் சிரிப்பு. தூரத்தில் நெல் வயல் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது, அதற்கு அப்பால் கடல். நான் பிறந்து வளர்ந்த இடம் எவ்வளவு சின்னது, எவ்வளவு நல்லது என்று அந்தச் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த நாளை எழுத வேண்டும். நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயுத பூஜை. நம் வீட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புல்வெட்டும் இயந்திரம், மோட்டார் சைக்கிள், தையல் மிஷின், உன் கம்ப்யூட்டர், என் பழைய அரிவாள் வரை சந்தனம் பூசாமல் விட்டதில்லை. அந்த வருஷம் நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புக்கிட் பெருந்துங்கிலிருந்து வந்திருந்தாய். எல்லோரும் திடலுக்குப் போனோம். அம்மா வாளியில் சந்தனம் கரைத்து எடுத்து வந்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். கலை சூடம் காட்டினான். அதற்குப் பிறகு எல்லோரும் பூச ஆரம்பித்தார்கள். நீ பூசினாய், நான் பூசினேன், அம்மா, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், தவா வீட்டார், பக்கத்துத் தாமான் ஆட்கள், யார்தான் பூசவில்லை? "சாமி, மூக்கை விட்டுட்டீங்க." "வால்ல ஒண்ணு வை." "இறக்கைக்கு மூணு கோடு போடு, பட்டை அடிச்ச மாதிரி இருக்கட்டும்." ரொஸ்லான் குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். "மாமா, எனக்குப் பொட்டு வேணாம், பொங்கல் மட்டும் போதும் லா" என்றான். எல்லோரும் சிரித்தோம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அந்த இயந்திரம் மஞ்சளும் குங்குமமுமாக நின்றது.

சாயங்காலம் காற்று தணிந்ததும் கலை ஏறினான். சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. நீ அவனைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஏறி ஒரு சுற்று வந்தான், இரண்டாவது சுற்றில் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகு எவ்வளவு அமைதி என்று உனக்கு நினைவிருக்கிறதா? பறவைச் சத்தம்கூடக் கேட்டது. என்ஜின் இல்லாமலும் அது மிதந்து இறங்கும் என்று எனக்குத் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். அதனால் நான் பயப்படவே இல்லை, பாலா. வந்துவிடுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். திடலுக்கு வந்து சேர உயரம் போதவில்லை. தோட்டத்துப் பாதைக்குத் திருப்பினான். ஓர் இறக்கை செம்பனை மட்டையில் சிக்கியது. நான் வாழ்நாளெல்லாம் வெட்டிப் போட்ட மட்டைதான்.

என்ன நடந்தது என்று முதலில் கண்டுபிடித்தவன் தவா. உடைந்து கிடந்த இயந்திரத்தில் பெட்ரோல் டாங்கி மட்டும் முழுசாக இருந்தது. அதன் மூடியைத் திருகியதும் உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. டாங்கி இரண்டு பக்கமும் ஒட்டிப் போயிருந்தது. மூடியின் உச்சியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. எண்ணெய் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் எண்ணெய் என்ஜினுக்கு வராது. அந்தத் துவாரத்தில் சந்தனம். அதன் மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

யார் விரல் அது என்று நான் இதுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். என் விரலாக இருக்கலாம் என்று நான் படுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். தன் விரல் என்று உன் அம்மா நினைக்கிறாள். அன்றிலிருந்து நம் வீட்டில் சந்தனம் கரைப்பதில்லை. தவாவின் மனைவி ஒருநாள் வந்து, நானா இருக்குமோ அக்கா என்று அழுதாள். நீயும் நினைக்கிறாய். நீ சொன்னதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். கலையும் ஏறுவதற்கு முன்னால் அந்த மூடியைப் பார்க்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரும் அவன்மேல் ஆசையாகத்தான் கை வைத்தோம். அத்தனை கைகளில் ஒரு கை.

நீ தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. உன் வேலையை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. நீ ஏன் அந்த வேலைக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். அம்மா முதுகில் மருந்து டின்னைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி அடிக்கப் போவாள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது, ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொள்வாள். அவள் நகம் கறுத்துப் போனதைப் பார்த்து நீ சின்ன வயதில் அவள் கையால் சோறு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாய். அவள் கரண்டியால் ஊட்டினாள். அங்கே சட்டம் வேண்டியிருந்தது. சம்பாதிப்பவன் ஒருவன், சாகிறவன் இன்னொருவன் என்று இருக்கிற இடத்தில் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் போதாது. உன் தொழிற்சாலையில் நீ அதைத்தான் செய்கிறாய், அதற்காக நான் வகுப்பில் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறேன்.

திடலில் கதை வேறு. மேலே போகிறவனே கீழே விழுகிறவன். அவனை அனுப்பி லாபம் பார்க்கிற முதலாளி அங்கே இல்லை. தன் உயிர் அதில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கலைக்கும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவனை ஏற்றினால், வீடுகளுக்கு மேலே போனால், கடுமையாகப் பிடியுங்கள், நானே கைகாட்டுவேன். தானும் தன் நண்பனுமாக மரத்துக்கு மேலே ஒரு சுற்று வருகிறவனுக்குப் பெரிய விமானத்தின் சட்டத்தைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? நீ என்னிடம் வாசித்துக் காட்டினாயே: வருஷா வருஷம் பெரிய பட்டறையில் முத்திரை, பெரிய விமானிக்குக் கொடுக்கிற உரிமம், புல்லுக்குப் பதில் தார் ஓடுபாதை, வேலி, காவல். எல்லாம் நல்லதுதான் என்று கேட்கிறவனுக்குத் தோன்றும். தவாவிடம் சொன்னேன். அவன் லோரியை நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினான். "பேரு பாதுகாப்பு மாமா. நடக்கப் போறது என்னன்னா, டுயிட் உள்ளவன், காசுக்காரன், பறப்பான். நம்ம ஆளுங்க வேலிக்கு வெளிய நின்னு போட்டோ புடிப்பானுங்க. அடங்காதவன் ரெண்டு பேரு தோட்டத்து ரோட்டுல திருட்டுத்தனமா ஏறுவான். விழுந்தா ஆளைக் கூப்பிடறதுக்குக்கூட பயப்படுவான்."

அதுதான் என் பயமும். அன்றைக்கு டாங்கி மூடியைத் தவா தனியாகத் திறந்து பார்த்து மறைத்துவிடவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அந்த வாரமே மற்றத் திடல்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்கள். சபாக் பக்கத்தில் ஒருவன் தன் மூடியைப் போய்ப் பார்த்தால் அதிலும் சந்தனம்! அவன் இங்கே வந்து என் காலைத் தொட்டான். நான் என்ன செய்வேன் சொல். அவன் தலையில் கை வைத்தேன், அவன் அம்மாவின் மகன் பிழைத்தான் என்று நினைத்தேன், பிறகு என் மகனை நினைத்தேன். திடலில் இப்போது ஐந்தாவதாக ஒரு சட்டம் இருக்கிறது. பூஜையில் சந்தனம் சக்கரத்துக்கு மட்டும். ஏறுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துவாரத்தின் வழியாக வானம் தெரிகிறதா என்று ஒருவன் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனும் பார்க்க வேண்டும். அதற்குச் செலவே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பட்டறையில் முத்திரை குத்துகிறவருக்கு, அன்றைக்குக் காலையில் பூசிய சந்தனம் தெரியுமா பாலா? நீ கேட்கிற எந்தச் சட்டம் நம் விரல்களைத் தடுத்திருக்கும்? தடுத்திருக்கும் என்று நீ காட்டினால் நான் உன் பக்கத்தில் வந்து உட்காருகிறேன், படத்தையும் கொண்டுவருகிறேன்.

நீ சொன்னதில் இன்னொன்று. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாய்: "நமக்கெல்லாம் எதுக்குப்பா பறக்கறது?" கோபத்தில் சொன்னாய், தெரியும். அந்த வார்த்தையை நான் என் அப்பாவின் வாயில் கேட்டிருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மாடு மேய்க்க அனுப்பிவிட்டார். "நமக்கெல்லாம் எதுக்குடா எழுத்து? பால்மரத்துக்கா படிச்சுக் காட்டப் போற?" ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் அவர், கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். எட்டாததற்கு ஆசைப்பட்டுப் பிள்ளை ஏமாந்துவிடுவானோ என்று பயம். அந்தப் பயத்தில் அவர் மூடிய கதவைத் திறக்க எனக்கு இந்த வயது ஆகிவிட்டது. நான் அந்த வார்த்தையை உன்னிடம் சொன்னதில்லை, கலையிடமும் சொன்னதில்லை. உன் வாயில் அது வந்தபோது எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது. பறப்பதில் சோறு கிடைக்காது, சரிதான். எனக்கு இந்த எழுத்திலும் சோறு கிடைக்காது. மரத்தை மேலிருந்து பார்க்கிற உரிமை துரைக்கு மட்டும் என்று இருந்தது. உன் தம்பி தன் கைக்காசில் அதை எனக்கு வாங்கிக் கொடுத்தான். அதை விலையேற்றி, வேலி கட்டி மறுபடியும் துரைமார் கையில் கொடுக்கிறவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாது. அதையும் கலையின் பேரைச் சொல்லிக் கொடுக்கக்கூடாது.

உனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்தத் திடலைக் கொளுத்தலாமா என்று ஒருநாள் தீப்பெட்டியோடு போனேன். ரொஸ்லான் அங்கே தனியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். தீப்பெட்டியைப் பார்த்தான். "மாமா, சிகரெட் எப்ப ஆரம்பிச்சீங்க?" என்றான். அவனுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்த பிறகு அவன் மீதிப் புல்லை வெட்டினான், நான் வாரிக் குவித்தேன். இப்போதும் சனிக்கிழமைகளில் அவர்கள் பறக்கிறார்கள். அந்தச் சத்தம் நம் தாமான் வரைக்கும் கேட்கும். உன் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். நான் பின்பக்கம் போய் நின்று பார்ப்பேன். சத்தம் நிற்காமல் போய் நிற்காமல் திரும்பி வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு வரும். அது இல்லாமல் போய்விட்டால் துக்கம் குறையும் என்று நீ நினைக்கிறாய். எனக்குக் குறையாது. அவன் ஆசைப்பட்ட ஒன்று இன்னும் மேலே ஓடுகிறது என்பதுதான் எனக்கு மிச்சம்.

அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவனும் பேசட்டும், நீங்களும் பேசுங்க. என்னை எந்தப் பக்கமும் உக்கார வைக்காதீங்க. படத்தையும் சுவத்துல இருந்து எடுக்க விடமாட்டேன்." ஆகவே படம் வராது. அவன் முகத்தைக் காட்டி நீயும் ஜெயிக்க வேண்டாம், நானும் ஜெயிக்க வேண்டாம்.

நீ பேசு, பாலா. பேசாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் உனக்கும் தம்பி. உன் துக்கத்தை அதிகாரிகள் கேட்கட்டும். நீ உட்கார்ந்த பிறகு நான் எழுந்திருப்பேன். என் பெயரைச் சொல்வேன், இறந்தவனின் அப்பா என்பேன். சட்டம் வையுங்கள், அதைப் பறக்கிறவர்களைக் கேட்டு வையுங்கள், கூலிக்காரன் மகனுக்கு எட்டுகிற விலையில் வையுங்கள் என்பேன். நம் வீட்டு விரல்களைப் பற்றியும் நானே சொல்லிவிடுவேன், யார் என்று கேட்டால் எல்லோரும் என்பேன். அப்போது நீ என்னைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்ளலாம். எழுந்து மட்டும் போய்விடாதே.

அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள். கூட்ட நேரத்துக்கு வண்டி வசதி கிடையாது, தவாவுக்கு அன்றைக்கு வேலை; என்னைக் கூட்டிக்கொண்டு போக இப்போது எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். உனக்கு எதிராகப் பேச உன் காரிலேயே வருகிறேன், வேறு வழியில்லை. சட்டையை அம்மா தேய்த்து வைத்திருப்பாள், உனக்கும் சேர்த்துப் பசியாற ஏதாவது செய்வாள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். வழியில் ஒன்றும் பேச வேண்டாம், பாட்டைப் போட்டுவிடு. மண்டபத்தில் நீ உன் பக்கம் போ, நான் திடல் ஆட்களோடு உட்காருகிறேன். எல்லாம் முடிந்ததும் வாசல் படியில் உனக்காக நிற்பேன். கோபமாக இருந்தால் கோபமாகவே வா, ஆனால் வந்து என்னை ஏற்றிக்கொள்.

அப்பா